ஊதா வெளிச்சத்துக் கீரை

"அண்ணே, ரெண்டு பீரு குடு. கூலிங்கா!"

கதவைத் திறந்த கிருஷ்ணசாமிக்கு எரிச்சலாக வந்தது. பொழுது சாய்ந்தால் போதும், இப்படித்தான் யாராவது வந்து தட்டுகிறார்கள்.

"இது பாரு இல்லப்பா. கீர வளக்குற வூடு."

"ஊதா லைட்டப் போட்டுக்கினு கீரயா? சரி, சைடிஷ்ஷுக்கு அதயாவது குடு."

மூலக்குளத்தில் முதலாளி புருஷோத்தமன் வாடகைக்குப் பிடித்த வீடு அது. மண்ணில்லாமல், வெயிலில்லாமல், ஊதா விளக்கின் கீழ் சிவப்புத் தண்டுக்கீரை வளர்த்தார். அந்த வெளிச்சத்தில் சத்து கூடுமாம். மில் மூடியபின் மூட்டை தூக்கி முதுகு ஒடிந்த கிருஷ்ணசாமிக்கு நிழலில் கிடைத்த முதல் வேலை. "வெளக்குல மட்டும் கைய வெச்சீங்க, வேல இருக்காது அண்ணே" என்று முதலாளி சொல்லியிருந்தார்.

தொல்லை பொறுக்காமல் கையை வைத்தார். தெருப்பக்கத்து அடுக்கில் ஊதாவை அணைத்துவிட்டு மஞ்சள் பல்பை மாட்டினார். கதவு தட்டுவது நின்றது. கீரையோ சிவப்பு வெளுத்து, நோஞ்சானாய் நெட்டுக்கு வளர்ந்தது.

அந்த நேரம் பார்த்து முதலாளியின் போன். "சத்து சோதிக்கிற மேடம் காலேஜிலேருந்து வராங்க. கூட்டிக்கினு வரேன்."

கிருஷ்ணசாமி மனைவியைப் போனில் கூப்பிட்டார்.

"செல்வாம்பா, கீர செவக்கணும். இன்னா பண்ணலாம்?"

"பீட்ரூட்டுத் தண்ணிய ஊத்து. எம் பொடவயே செவந்துச்சு, கீர செவக்காதா?"

வெளுத்த கீரைத் தட்டு ஒன்றில் ஊற்றினார். கீரை சிவக்கவில்லை. கை சிவந்தது, சட்டை சிவந்தது, எறும்பு சாரை சாரையாய் வந்தது. எறும்பை விரட்ட மஞ்சள்தூளைக் கொட்டினார். தட்டு ஆரத்தி கரைத்த மாதிரி ஆயிற்று.

வாசலில் கார் நின்றது. ஆரத்தியைக் குப்பையில் கவிழ்த்து, வெளுத்த மீதித் தட்டுகளைக் குளியலறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினார்.

மேடம் அமுதவல்லி, உள்ளடுக்கில் இருந்த சிவந்த கீரையைத் தொட்டுப் பார்த்தார். முகம் மலரவில்லை. முதலாளியிடம் தணிந்த குரலில் ஏதோ கேட்டார். முதலாளி தலையைச் சொறிந்தார்.

"கை கழுவணும்."

"அந்தப் பக்கம் வேணாம் மேடம்! பல்லி கெடக்குது, பெருசு!"

அவர் குளியலறைக் கதவைத் திறந்தேவிட்டார்.

"இன்னாண்ணே இது?" முதலாளி கத்தினார்.

"மஞ்ச பல்பு... நான்தான் சார்..."

வேலை போயிற்று. கிருஷ்ணசாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வாசலைப் பார்த்தார்.

வெளுத்த தட்டு ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்த அமுதவல்லி சிரித்தார். "வேற வெளிச்சத்துலயும் கொஞ்சம் வளத்து வைங்க, ரெண்டையும் ஒப்பிட்டாத்தான் சோதனையேன்னு போன மாசமே தலதலயா அடிச்சுக்கிட்டேன். நீங்க மறந்தா என்ன சார், இவரு மறக்கல பாருங்க!"