நிமிஷத்துக்கு ஏழரை ரூபாய்

"அசையுங்கய்யா! யாராச்சும் அசையுங்கய்யா!" என்று கத்தினார் சாகுல் ஹமீது.

கல்யாணப் பந்தலில் ஒருவரும் அசையவில்லை. திண்டுக்கல்லில் ஸ்டூடியோ வைத்திருக்கும் பாய் கேமராவோடு வந்தால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும் என்பது சின்னாளபட்டிக்கே தெரிந்த விஷயம். இது ஓடுகிற படம் எடுக்கும் கேமரா என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை.

கேமரா கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு கடகடவுக்கும் எத்தனை காசு என்று பெண்ணின் அண்ணன் சுப்புராஜ் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான். போன வாரம்தான் பாயிடம் விலை பேசியிருந்தான்.

"ரோலு, பம்பாய்க்கு அனுப்பிக் கழுவுறது, எல்லாம் சேத்து முப்பது ரூபா. ஓடுறது நாலு நிமிசம்."

"அப்ப நிமிசத்துக்கு ஏழரையா? ஏழரைங்கிற பேச்சே கல்யாணத்துக்கு ஆகாதே பாய்."

"அப்படின்னா எட்டாக் குடு."

நெசவுக்காரனான சுப்புராஜுக்கு முப்பது ரூபாய் என்பது சாதாரணமில்லை. ஆனால் பினாங்கில் கடைக் கணக்கு எழுதும் அண்ணன் நாச்சிமுத்து இல்லாவிட்டால் அவனுக்குத் தறி இல்லை, தங்கச்சி அய்யம்மாளுக்கு இந்தக் கல்யாணமும் இல்லை. அப்பா போனதும் கப்பலேறியவர், பதினாலு வருஷமாக மாதம் தவறாமல் பணம் அனுப்புகிறார். கல்யாணத்துக்கு வந்து போக ஆகும் கப்பல் கூலியையும் நகைக்கென்று அனுப்பிவிட்டு, 'நான் வரவில்லை' என்று எழுதியிருந்தார். அப்படிப்பட்ட மனுஷனுக்கு என்ன திருப்பிச் செய்வது? வர முடியாதவருக்குக் கல்யாணத்தையே அனுப்பி வைப்போம் என்று முடிவு செய்துவிட்டான்.

"பாய், எல்லாரையும் நடக்கச் சொல்லவா?"

"சொல்லித் தொலை! ஒரு நிமிசம் போச்சு!"

சுப்புராஜ் சொன்னான். உடனே பந்தலே எழுந்து ஒரே திசையில் நடக்க ஆரம்பித்தது. மணமேடையில் யாருமில்லாமல் போய், எல்லாரையும் திரும்ப அழைத்து வருவதற்குள் பாதி பிலிம் தீர்ந்தது. பாதி தீர்ந்ததும் ரீலை வெளிச்சம் படாமல் திருப்பிப் போட வேண்டுமாம். பாய் கறுப்புக் கம்பளிக்குள் தலையை விட்டார். அந்த நேரம் பார்த்துக் கெட்டிமேளம் கொட்டியது.

பாய் தலையை வெளியே எடுத்தபோது தாலி கட்டி முடிந்திருந்தது.

"இன்னொருக்காக் கட்டச் சொல்லு."

"ரெண்டாந்தரமா? என்ன பேச்சு இது?" மாப்பிள்ளையின் தாயார் அங்கம்மாள் பாய்ந்து வந்தாள். கன்னிவாடிக்காரி. அவள் பேசினால் மேளக்காரர்களே வாசிப்பதை நிறுத்துவார்கள்.

கடைசியில், மாப்பிள்ளை சும்மா கழுத்துக்குப் பின்னால் கையை வைத்துக்கொள்வதென்று முடிவானது. அவர் கூச்சத்தில் ஒரு நிமிஷம் கையை எடுக்கவே இல்லை. பிறகு அங்கம்மாள் புடவையைச் சரிசெய்து, அட்சதைத் தட்டோடு சிரித்துக்கொண்டே முன்னால் வந்தாள். கேமரா 'டக்'கென்று நின்றது.

"ரோல் முடிஞ்சு போச்சும்மா."

"எம் மொகத்தக் கண்டதும் முடிஞ்சுபோச்சாக்கும்?" என்றாள் அங்கம்மாள். அந்தக் கோபத்தை அப்படியே மருமகளோடு சேர்த்துக் கன்னிவாடிக்குக் கொண்டுபோனாள்.

ஒன்றரை மாதம் கழித்து பம்பாயிலிருந்து ரீல் வந்தது. அதைப் போட்டுப் பார்க்கும் மெஷின் பாயிடம் இல்லை. வாங்க ஐந்நூறு ரூபாய்க்கு மேல் ஆகுமாம். சுப்புராஜ் பிலிமை வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தான். ஒவ்வொரு படமும் உளுந்தம்பருப்பு அளவில் இருந்தது.

"கறுப்பா பெருசா நிக்கிறது யாரு?"

"உங்க மாமாவா இருக்கும்" என்றார் பாய்.

ரீலை டப்பாவில் போட்டு, அரக்கு வைத்து, பினாங்குக்கு அனுப்பினான். இரண்டு மாதத்தில் பதில் வந்தது.

'தம்பி சுப்புராஜுக்கு. நீ அனுப்பிய படத்தைப் பார்த்தேன். கண் நிறைந்தது. எல்லாரும் நல்ல தெம்பாக, மினுமினுப்பாக இருக்கிறார்கள். மாப்பிள்ளை சாது. தலையைக் குனிந்து நின்ற இடத்திலேயே நிற்கிறார். அய்யம்மாள் கண்ணில் கொஞ்சம் மிரட்சி தெரிகிறது, பழகினால் சரியாகும். சம்பந்தியம்மாள் அசைந்து அசைந்து நடந்து வருகிற கம்பீரத்தை நாள் முழுக்கப் பார்க்கலாம்.'

தெருவே வந்து அந்தக் கடிதத்தைக் கேட்டது. வாசிக்க வாசிக்கக் கல்யாணம் கண் முன்னால் ஓடுவது மாதிரி இருந்தது. சுப்புராஜ் பஸ் பிடித்துக் கன்னிவாடிக்கே போய் அங்கம்மாளிடம் வாசித்துக் காட்டினான்.

"கம்பீரம்னா எழுதியிருக்காரு?" அவள் இரண்டு முறை கேட்டாள். அன்று முதல் அய்யம்மாளுக்கு அந்த வீட்டில் கறிக்குழம்பில் நல்ல துண்டாக விழுந்தது. பினாங்கு அண்ணனும் அவர் எழுத்தும்தான் காரணம் என்று அய்யம்மாள் அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரித்தாள். அங்கம்மாள் சின்னாளபட்டிக்கு வரும்போதெல்லாம், "அந்தக் காயிதத்த ஒருக்கா வாசிங்க தம்பி" என்பாள்.

அப்படி ஒருநாள் வாசித்துக்கொண்டிருந்தபோதுதான் சாகுல் ஹமீது வியர்க்க விறுவிறுக்க வந்து ஒரு டப்பாவை நீட்டினார்.

"சுப்புராஜு, என்னைய மன்னிச்சிரு. இதுதான் ஒன் ரீலு. மாட்டு டாக்டர் ரீலும் இதும் ஒண்ணா வந்துச்சு, மாத்திக் குடுத்துட்டேன். அவரு மெட்ராசுல பெரிய ஆபீசருக முன்னாடி போட்டிருக்காரு. ஒன் தங்கச்சி கல்யாணம் ஓடியிருக்கு!"

"அப்ப அண்ணனுக்குப் போனது?"

"ரெட்டியார்சத்திரத்துல எருமைகளுக்கு ஊசி போட்ட படம்."

அங்கம்மாள் மெதுவாக எழுந்தாள்.

"தம்பி, அசைஞ்சு அசைஞ்சு நடந்து வந்த எருமை... நானா?"

"அத்தே, அப்படி இல்ல. அண்ணனுக்குக் கண் பார்வை கொஞ்சம் மட்டு."

"கண்ணுக் கோளாறா? ஒங்க வம்சத்துலயா? முழுகாம இருக்கிற எம் மருமகளுக்கு நாளைக்குப் பொறக்கப்போற பிள்ளைக்கும் வருமா?"

"ஐயோ, கண்ணெல்லாம் நல்லாத்தான் இருக்கு. அன்னைக்குக் கொஞ்சம்... போட்டிருந்திருப்பாரு."

"குடிகாரக் குடும்பம்னு பொண்ணெடுக்கும்போது சொல்லலையே!"

அங்கம்மாள் வந்த பஸ்ஸிலேயே திரும்பினாள். அன்றிலிருந்து கன்னிவாடியிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. சுப்புராஜுக்குத் தறியில் கை ஓடவில்லை. அங்கம்மாள் கோபத்தைவிட ஒன்று அவனை அரித்தது. அண்ணன் தன்னைக் கேலி செய்திருக்கிறாரா? எருமையைப் பார்த்துவிட்டு அப்படி எழுத எப்படி மனசு வந்தது?

ஐப்பசியில் சடையாண்டி ஊருக்கு வந்தான். பினாங்கில் நாச்சிமுத்துவோடு ஒரே அறையில் தங்கியிருப்பவன். அய்யம்மாளின் வளைகாப்புக்கு அண்ணன் கொடுத்துவிட்ட புடவையோடு வந்திருந்தான். சுப்புராஜ் அவனை நேராகக் கன்னிவாடிக்கு அழைத்துக்கொண்டு போனான்.

அங்கம்மாள் புடவையைத் தொடவில்லை.

"அது கெடக்கட்டும். எருமைப் படத்தப் பாத்துட்டு அந்த மனுசன் எப்படிச் சிரிச்சாரு, அத மொதல்ல சொல்லு."

"என்ன எருமை?" சடையாண்டி விழித்தான். "அந்த டப்பாவுல வச்ச அரக்கே இன்னும் ஒடையலையே ஆத்தா! அங்கயும் மிசினு வாடகைக்கு எடுத்தா ரெண்டு வாரச் சம்பளம் போயிரும். தலமாட்டுலதான் வச்சிருக்காரு."

அங்கம்மாள் முகம் மெல்ல மலர்ந்தது.

"அப்ப என்னையப் பாக்காமலே கம்பீரம்னு எழுதியிருக்காரு!" என்றாள். புடவையை எடுத்து மருமகள் தோளில் போட்டு அழகு பார்த்தாள். "ஏத்தா அய்யம்மா, வந்தவுகளுக்கு எலையப் போடு!"

சுப்புராஜ் உட்காரவில்லை.

"பாக்கவே இல்லைன்னா, பாத்தேன்னு எதுக்குடா எழுதுனாரு?"

சடையாண்டி தயங்கித் தயங்கிச் சொன்னான்: "'எந் தம்பிகிட்டயும் மிசினு இருக்காது, அம்புட்டுக் காசப் போட்டு எடுத்தவன் ஒண்ணையும் பாத்திருக்க மாட்டான், நாம எழுதுனாலாச்சும் அவன் அந்தப் படத்தப் பாப்பான்'னு சொல்லித்தாண்ணே ஒரு ஞாயித்துக்கெழம பூராவும் உக்காந்து எழுதுனாரு."