இரும்புக்கு உள்ளே என்ன?

நிராகரிக்கப்பட்ட அகதி விண்ணப்பத்தை மேன்முறையீட்டில் வென்றவள். வாயில் நுழையாத ஜெர்மன் மொழியைத் தையல் வகுப்பில் வென்றவள். ஸ்டுட்கார்ட் பனியை மூன்று பாவாடைகளால் வென்றவள் என் தங்கை கொறற்றி. இத்தனை வென்றும் என்ன? அவளும் அந்த இனம்தான், வாசகரே. "உள்ளுக்கு என்ன?" என்று கேட்கும் இனம்.

இவர்கள் உங்கள் முகத்தைப் பார்க்கமாட்டார்கள். கதவைத் திறந்ததும் கழுத்துப்பட்டியை விலக்கி, சட்டைக்கையைக் கிள்ளி, காற்சட்டை விளிம்பை உயர்த்தி, உள்ளே இருப்பதையெல்லாம் விசாரித்த பிறகுதான் சுகம் விசாரிப்பார்கள்.

மேல்மாடி ரவிச்சந்திரன் ஒருநாள் அகப்பட்டார்.

"தம்பி, உள்ளுக்கு என்ன போட்டிருக்கிறீர்?"

"ஒண்டுமில்லை அக்கா. பஸ்ஸிலதானே வந்தனான்."

"பஸ் என்ன, கம்பளியே?"

இப்படிப்பட்டவளை ஒரு நாடக அரங்கின் தையற்கூடத்தில் விட்டால் என்ன ஆகும்? அங்கே ஒரு நடிகர் பழங்கால இரும்புக் கவசத்தை வெறும் சட்டைமேல் மாட்டிக்கொண்டு, ஒத்திகை தோறும் தோளில் நீலம் பாய்ந்து நின்றார். தையற்கூடத் தலைவி ஹில்டகார்ட் சொன்னார்: முதல் நாள் அரங்கேற்றத்தில் வாள்சண்டையில் இவர் விழுந்து தானாக எழும்பினால், தொழிற்பயிற்சி இடம் உனக்கு. எழும்பாவிட்டால் வேறு ஆளுக்கு.

கொறற்றி அடுக்கத் தொடங்கினாள். தோலை உரசாமல் இருக்க லினன் சட்டை. அதன்மேல் அடியை வாங்கிக்கொள்ளப் பஞ்சு திணித்துத் தைத்த அங்கி. கை, கால் இரும்புகளைத் தொங்கவிட அந்த அங்கியிலேயே கயிறுகள். தகடு மூடாத அக்குளுக்குச் சங்கிலி வலை. எல்லாவற்றுக்கும் மேலே இரும்பு. சுமை தோளில் மட்டும் நிற்காமல் உடம்பெங்கும் பிரியும் என்றாள். அருமை என்றார்கள்.

நான் பார்க்கப் போன கடைசி ஒத்திகையில் அந்த மனிதர் தாரா வாத்துப் போல நடந்தார். அங்கி இடுப்பில் சுழன்றது. கால் இரும்பு முழங்காலுக்குக் கீழே இறங்கியது.

"ஏன்டி இவ்வளவு தொளதொளவெண்டு தைச்சனி?" என்றேன்.

"ஒரு அளவு பெருசாத்தானே அக்கா எடுக்கிறது. இல்லாட்டி உள்ளுக்கு ஸ்வெட்டர் போட ஏலாதெல்லோ."

நாங்கள் ஜெர்மனியில் வாங்கிய எந்தக் கோட்டும் எங்கள் அளவில் இருந்ததில்லை. அந்தப் பழக்கத்தில், கவசத்துக்குள்ளும் ஸ்வெட்டருக்கு இடம் விட்டிருக்கிறாள்.

தையலைப் பிரித்தாள். இடுப்பைப் பிடித்தாள். அவர் மூச்சு விடலாம், ஏப்பம் விட ஏலாது என்ற அளவுக்குப் பிடித்தாள்.

அரங்கேற்றத்தில் வாளடி விழுந்தது, அவரும் விழுந்தார், நான் கண்ணை மூடினேன். கைதட்டல் கேட்டுத் திறந்தபோது, அவர் தானாக எழுந்து, முன்வரிசைக்கு இடுப்பு மடியக் குனிந்து வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தார்.

சிரிக்கிறீர்களா? போன கிழமை விருந்தாளியின் கோட்டைக் கொளுவும்போது அதன் உட்துணியைத் தடவிப் பார்த்தது யார்? நீங்கள் என்றால் பயப்படவேண்டாம். உங்கள் இனத்தாருக்கு இப்போது அரங்கத்திலேயே ஆள் உண்டு. தொழிற்பயிற்சி ஒப்பந்தத்தில் பயிலுநர் என்ற சொல்லுக்குக் கீழே கொறற்றி முதன்முதலாகத் தன் பெயரைக் கையெழுத்திட்டது, 1988 செப்டம்பர் முதலாம் திகதி.