வாளி வரிசையை ஒழித்தவர்

கருத்து சொல்லாத மனிதன் இன்னும் பிறக்கவில்லை. ஆனால் காலையில் சொன்ன கருத்தை மாலைக்குள் சட்டமாக்கி உங்கள் போனில் ஏற்றிவிடுகிற ஓர் இனம் இருக்கிறது பாருங்கள், அதைப் பற்றித்தான் இங்கே பேச்சு. புரோகிராமர் என்று பெயர். எல்லா புரோகிராமரும் இல்லை. பொது இடத்தைக் கண்டாலே கை அரிக்கிற புரோகிராமர்.

அடையாளம் காண்பது சுலபம். நம்மோடு லிஃப்டில் ஏறும். ‘நாய்களுக்கு அனுமதி இல்லை’ பலகையைப் பார்த்து உச்சுக்கொட்டும். மனுஷனைச் சுதந்திரமா விட்டாலே ஒழுங்கா இருப்பான், எதுக்கு இத்தனை ரூல்ஸ், சும்மா என் கருத்து, அவ்ளோதான் என்று சொல்லும். நாமும் தலையாட்டிவிடுவோம். மாட்டிக்கொள்வது அங்கேதான்.

எங்கள் குடியிருப்பில் ஒருவர் இருக்கிறார். அப்டேட் அண்ணன் என்போம். அவர் “சும்மா என் கருத்து” என்று ஆரம்பித்தால் மொட்டைமாடிப் புறா கூட அடுத்த கட்டடத்துக்குக் குடிபோய்விடும்.

கீழ்த்தளத்தில் எல்லா வீட்டுக்கும் பொதுவாக ஒரு வாஷிங் மெஷின். அழுக்குத் துணியை வாளியில் போட்டு அந்த அறையில் வரிசையாக வைத்துவிட்டு வந்துவிடுவோம். துவைத்து முடித்தவர் அடுத்த வாளியைக் காலால் ஒரு தள்ளு தள்ளிவிட்டு, அந்த வீட்டுக் கதவைத் தட்டிவிட்டுப் போவார். எவராவது துணியை மறந்தால், அடுத்தவர் அதை எடுத்து அவர் வாளியில் போட்டு வைப்பார். சண்டை வந்ததா? வராமலா. சாயங்காலத்துக்குள் தீர்ந்தும் போகும்.

அண்ணன் ஒருநாள் அந்த வாளிகளைப் பார்த்தார். பாம்பைப் பார்த்த முகம். இந்தக் காலத்திலுமா வாளி என்றார். சும்மா அவர் கருத்துதான்.

மறுநாள் அறைக்கதவில் சாவித்துளை இல்லாத ஒரு கறுப்புப் பூட்டு. போனைக் காட்டினால் திறக்கும், அதுவும் போனிலேயே வாங்கி வைத்த நம் முறைக்கு மட்டும். முறை முடிந்தும் துணியை எடுக்காவிட்டால் அன்று முழுக்க நமக்குத் திறக்காது. பூட்டை மாட்டிய அண்ணனுக்கும் விலக்கு கிடையாதாம். அவரே மாற்ற நினைத்தாலும் மறுநாள்தான் முடியுமாம். இதைச் சொன்னபோது அவர் நெஞ்சு விரிந்த விரிவில் நாங்கள் சுவரோடு ஒட்டிக்கொண்டோம்.

முதலில் மாட்டிக்கொண்டவர் முதல் மாடி நர்ஸ் அக்கா. டியூட்டி முடிந்து வந்தவர் துணியை மெஷினில் போட்டுவிட்டு வீட்டில் அசந்துவிட்டார். யூனிஃபார்ம் உள்ளே, அக்கா வெளியே. அடுத்த முறை, அன்றைக்குக் கடைசி முறை, அண்ணனுடையது. கையை நீட்டினால் எடுத்துக் கொடுத்திருக்கலாம். அடுத்தவர் துணியைத் தொடுவது பிரைவசிக்கு விரோதம் என்று தன் முறையையே விட்டுக்கொடுத்தார் மகராசன்.

“நான் என்னக்கா பண்றது? சிஸ்டம் ஆள் பார்க்காது.”

அக்கா பழைய யூனிஃபார்முக்குள் எப்படியோ நுழைந்து, மூச்சை வீட்டிலேயே வைத்துவிட்டு வேலைக்குப் போனார்.

பிறகு அண்ணனுக்கே நாள் வந்தது. பெரிய கம்பெனியில் நேர்முகத் தேர்வு. வீட்டிலிருந்தே வேலை பார்த்துப் பார்த்து அவரிடம் மிஞ்சியிருந்தது ஒரே ஒரு முழுக்கால் பேன்ட். அதை மெஷினில் போட்டுவிட்டு நண்பனுக்குப் போன் போட்டார். மெஷின்கள் மனிதனை அடிமையாக்குகின்றன என்று ஆவேசமாக விளக்கிக்கொண்டிருந்தபோது அவர் முறை முடிந்துபோனது.

இடுப்பில் துண்டோடு கதவு முன் நின்றார். பூட்டு ஆள் பார்க்கவில்லை.

அடுத்த முறை நர்ஸ் அக்காவுடையது. வந்தார், திறந்தார், உள்ளே போய் வாசலை மறித்துக்கொண்டு நின்றார்.

“அக்கா, என் பேன்ட்டைக் கொஞ்சம் எடுத்துக் குடுத்துடுங்கக்கா. இன்டர்வியூக்கு நேரமாச்சு.”

“தொடலாமா தம்பி? பிரைவசி ஆச்சே.”

“அக்கா, உங்க கால்ல வேணா விழறேன்.”

“வேணாம், துண்டு அவுந்துடும். போய் ஒரு வாளி எடுத்துட்டு வாங்க.”

தன் வாளியை அவர்தான் எப்போதோ தூக்கி எறிந்துவிட்டாரே. துண்டைப் பிடித்துக்கொண்டு மாடி மாடியாக வாளி கேட்டு ஏறினார். சும்மா விட்டோமா? துண்டுக்கு ஒரு பாஸ்வேர்டு போடச் சொல்லி ஒரு வீடு, படியில் ஏற முறை வாங்கியாச்சா என்று இன்னொரு வீடு. எல்லாம் சும்மா எங்கள் கருத்துதான். கடைசியில் ஒரு பச்சை வாளி கிடைத்தது. அக்கா பேன்ட்டை அதில் போட்டு, காலால் ஒரு தள்ளு தள்ளிவிட்டார்.

ஈரம் சொட்டச் சொட்டப் போய் நேர்முகத்தில் உட்கார்ந்தார். வேலை கிடைத்ததா? கிடைத்துவிட்டது. அந்த அலுவலகத்துக் குடிதண்ணீர்க் குழாயை நினைத்தால்தான் எனக்குப் பாவமாக இருக்கிறது.

இப்போது கதவு நாள் முழுக்க விரியத் திறந்திருக்கிறது. பூட்டு விழாதபடி முட்டுக்கொடுத்து நிற்பது அந்தப் பச்சை வாளிதான். போகும்போதும் வரும்போதும் அண்ணன் அதை ஏற இறங்கப் பார்க்கிறார்.

நீங்கள் சிரித்தீர்கள், சரி. ஆனால் அவர் துண்டோடு நின்ற இடத்தில், ‘அவசரத்துக்கு ஒரு மாற்று வழி வைத்திருந்தால் சிஸ்டம் நன்றாகத்தானே வேலை செய்திருக்கும்’ என்று ஒரு நொடி தோன்றியதா? தோன்றியதென்றால், நீங்களும் அந்த இனம்தான்; வீட்டில் ஒரு முழுக்கால் பேன்ட்டைத் துவைக்கப் போடாமல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

சும்மா என் கருத்து.