கிளச்சுக்கு நான் செய்த உபகாரம்

மற்ற முட்டாள்களுக்குச் சாட்சிகள் மட்டுமே இருப்பார்கள். சாட்சி ஊரைவிட்டுப் போனால் கதை முடிந்தது. என் முட்டாள்தனத்துக்கோ கோடு போட்ட அத்தாட்சி இருக்கிறது. ஒரு நொடியைப் பல துண்டாக நறுக்கி, எந்தத் துண்டில் நான் எவ்வளவு மடையன் என்று காட்டும் அத்தாட்சி.

இரண்டாயிரமாவது ஆண்டில் ஃபிஜியில் நடந்த ஆட்சிக்கவிழ்ப்புக்குப் பிறகு, நாடி நகரில் எங்கள் தெருவில் பாதி வீடுகளில் பூட்டுத் தொங்கியது. மீதிப் பாதி பாஸ்போர்ட் போட்டோவுக்குச் சிரிக்காமல் இருக்கப் பழகிக்கொண்டிருந்தது. என் மாமனாரின் கரும்பு நிலக் குத்தகையும் முடிந்துவிட்டது. அப்போதுதான் எங்கள் பழைய தெருக்காரர் ராஜு அண்ணன் விடுமுறைக்கு வந்தார். எண்பத்தேழில் நடந்த முதல் கவிழ்ப்போடு ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனுக்குப் போய், கால்மைல் பந்தயக் கார்களுக்கு ஒர்க்‌ஷாப் வைத்தவர்.

"நான் விட்டுட்டுப் போன பழைய கார் இருக்கே, அதுக்குக் கிளச்சைச் சரியா அமைச்சு நேரா ஓட்டிக் காட்டு. வேலைக் கடிதம் தர்றேன்" என்றார். கடிதம் வந்தால் விசா. விசா வந்தால் குடும்பமே கரையேறும்.

கூடவே ஒரு பதிவுப் பெட்டியையும் கொடுத்தார். அது இரண்டு கோடுகள் வரையும். ஒன்று எஞ்சின் சுற்றும் வேகம். மற்றது சக்கரத்துக்குப் போகும் தண்டின் வேகம். இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளிதான் கிளச் வழுக்குகிற அளவு. அது மெல்ல மெல்ல மூட வேண்டும். சட்டென்று மூடினால் டயர் சுழலும். மூடாமலே இருந்தால் தகடு எரியும். கிளச்சுக்குள் விரல்போல் இருக்கும் நெம்புகளில் சின்னச் சின்ன வாஷர்களைக் கூட்டிக் குறைத்து அதைச் சரிசெய்ய வேண்டும். வாஷர் கூடினால் பிடி இறுகும், குறைந்தால் தளரும்.

எனக்கு (சத்தியமாகச் சொல்கிறேன்) அவை இரண்டு எறும்பு வரிசைகள். அவற்றைப் படித்தவள் என் மனைவியின் தங்கை வசந்தா. ரக்கிராக்கிப் பக்கம் சர்க்கரை ஆலையின் ஆய்வகத்தில் வேலை பார்த்தாள். கொதிகலத்தின் சூட்டை வட்டத்தாளில் பேனா கிறுக்கிய கோட்டை வைத்தே, அதனருகே யார் எத்தனை நிமிடம் தூங்கினார் என்று சொல்லிவிடுவாள். மூன்று ஞாயிறு காரை ஓட்டிப் பழகினோம். ஓட்டம் முடிந்ததும் கோட்டைப் பார்ப்பாள். ஒரு வாஷரைக் கூட்டுவாள். கார் மந்திரம் போட்டதுபோல அடங்கிப் போகும். ஊரெல்லாம் "கிளச்சை நான்தான் அமைச்சேன்" என்று சொன்னது மட்டும் நான்.

பந்தய நாள் வந்தது. போலீஸ் மூடிக்கொடுத்த சாலை, இருபுறமும் கரும்பு. இத்தனை பெரிய காரியத்துக்குக் கோட்டை மட்டும் நம்பலாமா? டயரைச் சோதிக்கும் சாக்கில் இறங்கி, முருகனை வேண்டிக்கொண்டு, பின் டயர்கள் இரண்டுக்கும் அடியில் ஆளுக்கொரு எலுமிச்சம்பழம் வைத்தேன். (புது வண்டி வாங்கினால் நம்மவர்கள் எல்லோரும் செய்வதுதானே? அவர்கள் ஷோரூமிலிருந்து குண்டு மாதிரிப் புறப்படுவதில்லை என்பது அப்போது உறைக்கவில்லை.)

பச்சை விளக்கு எரிந்தது. கார் சாலையை விட்டுக் கரும்பைப் பார்க்கத் திரும்பியது.

"கிளச் ஜாஸ்தி பிடிக்குது. வாஷரைக் கழட்டு" என்றேன்.

வசந்தா மடிக்கணினியிலிருந்து தலை நிமிரவில்லை. "நஹி மாமா." (அக்கா புருஷன், அதனால் மாமா.) "முதல் மூணு அடியிலதான் தண்டு தாவுது. அப்புறம் சரியாயிடுது. இது கிளச் இல்ல."

"அரே, ஓட்டினது நானா, நீயா?"

நாலு வாஷரை நானே கழற்றினேன். முருகனுக்குப் பழம் போதவில்லை போலும் என்று டயருக்கு இரண்டாக்கினேன்.

இம்முறை கார் முதலில் வழுக்கியது. பிறகு எஞ்சின் மட்டும் அலற, மாட்டுவண்டி வேகத்தில் ஊர்ந்தது. அடியிலிருந்து புகை கிளம்பியது.

"ஈசா! லோவோ போட்டுட்டான் பாரு!" என்று கொடி பிடித்திருந்த சிரேலி கத்தினார். (ஈசா என்பது ஃபிஜி மொழியில் 'அடடா'. லோவோ என்பது ஃபிஜிக்காரர்கள் மண்ணைத் தோண்டிப் பன்றி சுடும் அடுப்பு.) சாலையே சிரித்தது. ராஜு அண்ணன் சிரிக்கவில்லை. "இன்னும் ஒரு தடவை. அவ்வளவுதான்" என்றார்.

வசந்தா மூன்று படங்களைத் திரையில் வரிசையாக வைத்தாள்: பழகிய நாள், முதல் ஓட்டம், இரண்டாம் ஓட்டம். பிறகு என்னைப் பார்த்தாள். எங்கள் வீட்டில் கோபம் வந்தால்தான் ஹிந்தி கலக்காத தமிழ் வரும்.

"மாமா, டயருக்கு அடியில என்ன வச்சீங்க?"

"ஒண்ணுமில்லையே."

"முதல் தடவை வச்சதைப்போல ரெண்டாவது தடவை ரெண்டு மடங்கு வச்சிருக்கீங்க. தாவல் ரெட்டிப்பா இருக்கு. என்ன அது?"

முருகனுக்கும் எனக்கும் மட்டுமே தெரிந்த கணக்கு! நான் சட்டைப்பையிலிருந்து மீதிப் பழங்களை எடுத்து நீட்டினேன். ஆறு இருந்தன. டயருக்கு மூன்று.

அவள் திட்டவில்லை. டயர்களிலும் தரையிலும் வழுக்கிய பழச்சாற்றைத் துடைத்தாள். நான் கழற்றிய நாலு வாஷரோடு, எரிந்த தகட்டுக்கு ஈடாக இன்னொன்றைச் சேர்த்தாள். "இப்ப ஓட்டுங்க" என்றாள்.

நூல் பிடித்தாற்போல ஓடியது. திரையில் அந்த இரண்டு கோடுகளும், கல்யாண வீட்டில் முறைத்துக்கொண்ட சம்பந்திகள் பந்தியில் சமாதானமாவதுபோல, நெருங்கி நெருங்கி ஒன்றாயின. எனக்கே புரிந்த முதல் கோடு அதுதான். அவ்வளவு அழகை நான் அதற்குப் பிறகு பார்த்ததில்லை.

ராஜு அண்ணன் பானெட் மேலேயே கடிதத்தை வைத்துப் பெயரை நிரப்பினார். எட்டிப் பார்த்தேன். பேனா 'வ'வில் தொடங்கியது. என் பெயரில் எங்கேயும் 'வ' கிடையாது.

வசந்தா முதலில் போனாள். இரண்டு வருடத்தில் எங்களையும் அழைத்துக்கொண்டாள். இன்று ஒர்க்‌ஷாப்பில் அவள் கோட்டைப் பார்க்காமல் எந்தக் காரும் நகராது. பந்தயக் காலையில் காரைத் தொடக்கக் கோட்டில் நிறுத்துமுன், வீட்டில் யாராவது ஒருவர் என் சட்டைப்பையைத் தடவிப் பார்ப்பதும் வழக்கமாகிவிட்டது.

போன வாரம் மனம் பொறுக்காமல் கேட்டேன். "இத்தனை வருஷம் ஆச்சே வசந்தா, பந்தயத்தன்னைக்கு எனக்கும் ஒரு பொறுப்பு கொடேன்."

திரையிலிருந்து தலை நிமிராமலே சொன்னாள்:

"ஜூஸ் போடுங்க, மாமா."