தொட்டியில் என்ன?

விளக்குகள் அணைந்து, திரையில் எரிந்துபோன ஊர் ஒன்று தெரிய ஆரம்பித்த பிறகுதான் அத்தை கைப்பையைத் துழாவிவிட்டுச் சொன்னார்.

"மாப்பிள்ளை, கண்ணாடியை வீட்டுலயே விட்டுட்டு வந்துட்டேன் போல."

வேற்றுமொழிப் படம். யார் என்ன பேசினாலும் கீழே தமிழில் எழுத்து ஓடும். அரங்கு வாசலில் அத்தை கண்ணாடி போட்டிருந்ததாக மாப்பிள்ளைக்கு ஒரு நினைப்பு. ஆனால் கேட்கத் தைரியம் வரவில்லை.

"கீழ என்ன எழுதியிருக்குன்னு மட்டும் மெதுவா சொல்லிக்கிட்டே வாங்க. அது போதும்."

போதுமாமே! கண்ணாடிக் கடையின் பின்னறையில், நாள் முழுக்க லென்ஸ் தேய்க்கும் இயந்திரத்தோடு குடித்தனம் நடத்துகிறவன் அவன். கடையில் அவனுக்குப் பட்டப்பெயர் 'மியூட்'. அத்தை அவர்களோடு வந்து தங்கி மூன்று மாதமாகிறது. இருவருக்கும் நடுவே நடந்த பேச்செல்லாம் அவன் மனைவி வழியாகத்தான். "மாப்பிள்ளைக்கு இன்னும் கொஞ்சம் காபி வேணுமான்னு கேளு." "போதும்னு அத்தைகிட்ட சொல்லு." மூவரும் ஒரே மேசையில் முட்டிக்கு முட்டி இடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போதே இந்த அழகு.

நேற்று அத்தையின் பெட்டி கதவோரமாக வந்து நின்றுவிட்டது. ஞாயிற்றுக்கிழமை தன் பழைய வீட்டுக்கே போகிறாராம். மாமா இறந்த பிறகு பூட்டிக் கிடக்கும் வீடு.

மனைவி அவனை அடுப்படியில் மடக்கினாள். "அங்க போய்த் தனியா சுவத்தைப் பார்த்துக்கிட்டு உட்காரப் போறாங்க. கேட்டா, 'இங்கயும் சுவர்தானேடி, மத்தியானமெல்லாம் நடந்து நடந்து கால்தான் தேயுது'ங்கிறாங்க. நீங்கதான் அந்தச் சுவர்."

"நான் என்ன பண்ணேன்?"

"ஒண்ணும் பண்ணலை. அதான் குத்தம். நாளைக்கு எனக்கு மத்தியான டியூட்டி. அம்மாவை நீங்க படத்துக்குக் கூட்டிட்டுப் போங்க. நாலு வார்த்தை பேசுங்க."

என்ன படம் என்பதை அத்தையே சொல்லியனுப்பினார்: 'சாம்பலுக்கு அப்பால்'. சுவரொட்டியில் ஒரு தாடிக்காரன் பூந்தொட்டி ஒன்றை அணைத்தபடி நடந்துகொண்டிருந்தான். தோட்டக்கலை பற்றிய படம் என்று மாப்பிள்ளை நிம்மதியாக டிக்கெட் எடுத்துவிட்டான்.

இப்போது அந்தத் தாடிக்காரன் திரையில் வாயைத் திறந்தான். கீழே எழுத்து ஓடியது: 'என் மனைவியை எரித்துவிட்டார்கள். இந்தத் தொட்டியில் இருப்பது அவள் சாம்பல். ஒருத்தனையும் விடமாட்டேன்.'

"என்ன சொல்றான்?"

மாமா போய் இன்னும் நாலு மாதம்கூட ஆகவில்லை. மாப்பிள்ளையின் நாக்கு அவனைக் கேட்காமலே புரண்டது.

"பொண்டாட்டி ஊருக்குப் போயிருக்காங்களாம் அத்தை. கூட்டிட்டு வரக் கிளம்புறான்."

"தொட்டியில என்ன?"

"விதை."

"என்ன விதை?"

"தக்காளி."

அத்தை திருப்தியாகச் சாய்ந்துகொண்டார். ஒரு பொய்தானே என்று மாப்பிள்ளை பெருமூச்சு விட்டான். அதற்குள் தாடிக்காரன் ஒரு முரடனின் சட்டையைப் பிடித்திருந்தான். 'உன் குடலை உருவி உன் கழுத்திலேயே மாலையாகப் போடுவேன்.'

"வழி கேட்கிறான்," என்றான் மாப்பிள்ளை.

வழி கேட்டவன் கோடரியை ஓங்கி முரடனின் கையை வெட்டினான்.

"வழி கேட்டதுக்கா கையை வெட்டுறான்?"

"பா... பாம்பு கடிச்சிடுச்சு அத்தை. விஷம் ஏறக் கூடாதுன்னு வெட்டுறான்."

"பாம்பைக் காணோமே?"

"கடிச்சிட்டு ஓடிடுச்சு."

அடுத்த வெட்டு காலில் விழுந்தது.

"இது?"

"ரெண்டு பாம்பு."

மாப்பிள்ளை கண்ணை இறுக மூடிக்கொண்டான். ரத்தம் என்றால் அவனுக்கு ஆகாது. முப்பது வருஷம் பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுத்த அத்தையோ, பாப்கார்னை மென்றபடி, "வெட்டினது சரிதான். ரத்தம் நிக்கக் கட்டு இன்னும் கொஞ்சம் மேல போட்டிருக்கணும்," என்றார்.

பின் வரிசையிலிருந்து ஒரு இளைஞன் சீறினான். "அண்ணே, படத்தைப் பார்க்க விடுங்கண்ணே!"

பக்கத்திலிருந்த பெண் அவன் தொடையில் ஒன்று வைத்தாள். "நீ சும்மா கிட. அதுல எழுதியிருக்கறதைப் படிச்சா ராத்திரி தூக்கம் வராது. அண்ணே, நீங்க சொல்லுங்க. அந்த ரெண்டாவது பாம்பு என்ன ஆச்சு?"

முன் வரிசை வழுக்கைத் தலை ஒன்று திரும்பியது. மாப்பிள்ளைக்கு உயிர் போய் உயிர் வந்தது. "கொஞ்சம் சத்தமா சொல்லுங்க தம்பி," என்றார் வழுக்கை. "எனக்கும் பாம்புக் கதையே பிடிச்சிருக்கு."

வேறு வழியில்லை. படம் வெட்ட வெட்ட அவன் ஒட்டிக்கொண்டே போனான். பாதிப் படத்துக்குள் அந்த ஊரில் பாம்பு கடிக்காதவன் பாக்கியில்லை. பெட்ரோல் ஊற்றிக் குடிசையைக் கொளுத்தியபோது, கொசு ஜாஸ்தி என்றான். யாரோ 'ஐயோ' என்று அலறியபடி வெளியே ஓடியதை, வண்டிக்கு நேரமாகிவிட்டது என்று சமாளித்தான். பின்னால் இருந்தவள் சிரிப்பை அடக்க முடியாமல் துப்பட்டாவைக் கடித்துக்கொண்டாள்.

கடைசியில் கும்பல் தலைவன் வந்தான். நரைத்த தலை, ஒற்றைக் கண். மனைவியை எரித்தவன் இவன்தான். ஆனால் மாப்பிள்ளையின் கதையில் மனைவி ஊருக்கல்லவா போயிருக்கிறாள்?

"இவர் யாரு?" என்றார் அத்தை.

"மாமனார்."

சொன்ன பிறகுதான் எங்கே வந்து மாட்டிக்கொண்டோம் என்று அவனுக்கு உறைத்தது.

"அப்ப ஏன் ரெண்டு பேரும் இப்படி முறைச்சுக்கிறாங்க?"

"முறைக்கலை அத்தை. பழக்கமில்லை. அவ்வளவுதான்."

தாடிக்காரனும் தலைவனும் துப்பாக்கியை நீட்டியபடி எதிரெதிரே நின்றார்கள். இசை நின்றுவிட்டது. இருவரும் பேசவில்லை. கீழே ஒரு எழுத்துகூட ஓடவில்லை.

"மாப்பிள்ளை, இப்ப என்ன சொல்றான்?"

வழுக்கைத் தலை காத்திருந்தது. பின் வரிசை காத்திருந்தது. மாப்பிள்ளைக்குத் திரையில் படிப்பதற்கு ஒன்றுமே இல்லை.

"எனக்குப் பேச வராதுங்கிறான்," என்றான் மெல்ல. "சின்ன வயசுலேருந்தே வராதாம். அதுக்காகப் பிடிக்கலைன்னு அர்த்தமில்லையாம். சாயங்காலம் வேலை முடிஞ்சு வர்றப்ப மாடியில விளக்கு எரியறது தெரிஞ்சா, வீட்டுல ஆள் இருக்குன்னு சந்தோஷமா இருக்குமாம். அதை எப்படிச் சொல்றதுன்னு தெரியாமத்தான்... போகாதீங்கன்னு சொல்றான்."

டுமீல் என்று ஒரு சத்தம். தலைவன் சாய்ந்தான்.

அத்தை அதைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. "இதை அவன் முன்னாடியே சொல்லியிருக்கலாம்," என்றார்.

திரையில் தாடிக்காரன் வெடித்துக் கிடந்த நிலத்தில் மண்டியிட்டு, தொட்டியைக் கவிழ்த்துச் சாம்பலைக் காற்றில் விட்டான்.

"விதைக்கிறான்," என்றான் மாப்பிள்ளை.

பின்னால் அந்தப் பெண் மூக்கை உறிஞ்சினாள். முன்னால் வழுக்கைத் தலை குனிந்திருந்தது.

விளக்குகள் எரிந்தன. மற்ற வரிசைகளில் இருந்தவர்கள் சாவு வீட்டிலிருந்து கிளம்புவதுபோல முகம் தொங்கப் போனார்கள். இந்த மூன்று வரிசைக்காரர்கள் மட்டும், கல்யாண வீட்டில் பழகிக்கொண்டவர்கள் மாதிரி தலையசைத்துப் பிரிந்தார்கள்.

படியிறங்கும்போது அத்தை கேட்டார்: "தக்காளி முளைச்சிருக்கும்ல?"

"முளைச்சிருக்கும் அத்தை."

"வீட்டுக்குப் போனதும் அந்தப் பெட்டியைத் தூக்கிப் பரண்ல போட்டுடுங்க. கதவைத் திறக்க விடமாட்டேங்குது."

மாப்பிள்ளை தலையை மட்டும் ஆட்டினான். வழக்கம்போல. ஆனால் இந்த முறை அத்தை அதைக் கண்டுகொள்ளவில்லை.

வாசலில் டிக்கெட் கிழிப்பவர் ஓடிவந்து மறித்தார். அவர் கையில், மாப்பிள்ளை தானே தேய்த்துப் பொருத்திய லென்ஸ் மின்னியது.

"என்னம்மா நீங்க, இவர் பாப்கார்ன் வாங்கப் போனப்ப எங்கிட்ட கொடுத்து வெச்ச கண்ணாடியை மறந்துட்டுப் போறீங்களே, நாளைக்கு மத்தியானம் அஞ்சாவது தடவை இந்தப் படத்தைப் பார்க்க வேண்டாமா?"