படத்தில் இல்லாத மாப்பிள்ளை

கருங்காலிப்பேட்டையில் செப்டம்பர் ஒன்றாம் தேதி, திங்கட்கிழமை, காலை ஒன்பதுக்கு மேல் பத்தரைக்குள் ஆவுடையப்பனுக்கும் உலகம்மாளுக்கும் திருமணம் நடந்தது. அறுநூறு பேர் வந்தார்கள், சாப்பிட்டார்கள், தாம்பூலப் பை வாங்கிக்கொண்டு போனார்கள். ஆகவே திருமணம் நடந்துவிட்டது என்றுதான் ஊரில் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அந்த எண்ணம் தவறு என்று அரசாங்கம் கண்டுபிடிக்கப் பன்னிரண்டாம் தேதி ஆகிவிட்டது.

அன்று ஆவுடையப்பன் திருமணப் பதிவுக்காகச் சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போனான். மஸ்கட்டில் ஒரு சரக்குக் கிட்டங்கியில் வேலை பார்ப்பவன். வயது முப்பத்திரண்டு. இருபத்து நாலாம் தேதி விமானம். பதிவுச் சான்றிதழோடு வந்தால் கம்பெனி குடும்பத்துக்கு வீடு தரும், உலகம்மாள் பின்னாலேயே வந்துவிடலாம். சான்றிதழ் இல்லாவிட்டால் அந்த வீடு அடுத்தவனுக்கு. அதன்பிறகு அவன் பெண்டாட்டியைப் பார்ப்பது அடுத்த லீவில், இரண்டு வருஷம் கழித்து. பத்துப் பன்னிரண்டு நாளைக்குள் உலகம்மாள் அவனைப் பாடாய்ப் படுத்தியிருந்தாள். டீ ஆற்றும்போது முணுமுணுவென்று பாடுவாள், என்ன பாட்டென்று கேட்டால் நிறுத்திவிடுவாள். அந்தப் பாட்டு என்னவென்று தெரியாமல் இரண்டு வருஷம் இருக்க அவனால் முடியாது.

சார்பதிவாளர் குலசேகரன் நேர்மையான மனிதர். கை நீட்ட மாட்டார். அவரிடம் வந்தவர்கள் எல்லோரும் இதற்காக வருத்தப்பட்டிருக்கிறார்கள். அவர் கல்யாணப் பத்திரிகையைப் பார்த்தார், சரி. ஆதாரைப் பார்த்தார், சரி. "தாலி கட்டும் புகைப்படம்" என்றார். ஆவுடையப்பன் நீட்டினான். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"இது யாரு கை தம்பி?"

"எங்க அக்கா கை சார். பேச்சியம்மா. நாத்தனார் முடிச்சு போடுதா."

"மாப்பிள்ளை கை எங்க?"

"அதுக்கு முந்தியே கட்டியாச்சு சார். முதல் முடிச்சு நான், மத்த ரெண்டும் அக்கா. நம்ம பக்கம் எல்லாம் அப்படித்தானே?"

"நம்ம பக்கம் எப்படிங்கிறது எனக்குத் தெரியும். படத்துல எப்படிங்கிறதுதான் கேள்வி. நீங்க கட்டுற படம் இருக்கா?"

இல்லை. நாலாயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு படங்கள் இருந்தன, அது மட்டும் இல்லை. காரணம், படம் எடுக்கச் சென்னையிலிருந்து வந்த நிகிலன். கொண்டை போட்ட அந்தப் பையன் கல்யாணத்தை எடுக்க வந்தவனில்லை, உணர்ச்சியை எடுக்க வந்தவன். முதல் நாளே சொல்லிவிட்டான்: "தாலி கட்டுறதை எல்லாரும்தான் எடுக்கறாங்க. நான் அதைச் சுத்தி இருக்கறதை எடுப்பேன்." கேட்ட எல்லோருக்கும் பெருமையாக இருந்தது. யாரும் கேமராவைப் பார்க்கக் கூடாது, இயல்பாக இருக்க வேண்டும் என்பது அவன் கட்டளை. இயல்பாக இருப்பது எப்படி என்று இரண்டு மணி நேரம் சொல்லிக்கொடுத்தான். உலகம்மாளின் அம்மா இயல்பாக அழுதபோது, "அம்மா, கண்ணீர் அந்தப் பக்கம் வருது, லைட் இந்தப் பக்கம் இருக்கு" என்று மறுபடி அழச் சொன்னான். அந்த அம்மாளும் மாற்றி அழுதாள்.

கெட்டிமேளம் கொட்டும் நேரத்தில் ஆவுடையப்பனின் காதோரம் வந்து, "மாப்ள, முடிச்சைப் பாக்காதீங்க. பொண்ணு கண்ணைப் பாருங்க. கை அது பாட்டுக்குக் கட்டும்" என்றான். ஆவுடையப்பன் பார்த்தான். நிகிலன் அந்த நேரத்தில் நாதஸ்வரக்காரரின் கன்னம், பறக்கும் அட்சதை, யாரோ ஒரு மாமாவின் ஈரக் கண் எல்லாவற்றையும் எடுத்தான். கழுத்துப் பக்கம் கேமரா திரும்பியபோது அங்கே பேச்சியம்மாளின் வளையல் கை இருந்தது.

"படத்தின்படி இந்தப் பெண்ணுக்குத் தாலி கட்டினவங்க பேச்சியம்மாள்" என்றார் குலசேகரன். "நீங்க பக்கத்துல உக்காந்திருக்கீங்க. விருந்தாளின்னு வச்சுக்கலாம்."

"சார், நீங்களே கல்யாணத்துக்கு வந்திருந்தீங்களே. ரெண்டாயிரத்து நூத்திப் பதினேழாம் படத்துல இருக்கீங்க."

குலசேகரன் நிமிர்ந்தார். "என்ன பண்ணிட்டிருக்கேன்?"

"உளுந்த வடை சாப்பிடுதீங்க சார்."

"அப்ப நான் பந்தியில இருந்திருக்கேன். தாலி கட்டினதைப் பாக்கலை. படம் எனக்கும் சாட்சி சொல்லுது பாருங்க." பிறகு இரக்கத்தோடு ஒரு வழி சொன்னார். பேச்சியம்மாள் மேற்படி திருமணத்தில் மணமகன் அல்ல என்று கிராம நிர்வாக அலுவலரிடம் ஒரு சான்று வாங்கி வந்தால் பரிசீலிக்கலாம்.

கிராம நிர்வாக அலுவலர் மறுநாளும் இல்லை, அதற்கு மறுநாள் ஞாயிறு. திங்கட்கிழமை இருந்தார். இருப்பிடச் சான்று தருவார், வாரிசுச் சான்று தருவார். மணமகன் அல்லாதார் சான்றுக்கு அவரிடம் படிவம் இல்லை. "ஒரு ஆளு என்னவா இருக்காருன்னு எழுதித் தரலாம் தம்பி. என்னவா இல்லைன்னு எழுத ஆரம்பிச்சா எங்க போய் நிக்கும்?" என்றார். அது நியாயமாகத்தான் பட்டது.

வீட்டில் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். கடைசியில், "திரும்ப ஒரு தடவ கட்டி, படம் எடுத்துக் குடுத்திருவோம்" என்று முடிவாயிற்று. உலகம்மாளின் அம்மா குறுக்கே வந்தாள்.

"கட்டின தாலியக் கழத்த விடமாட்டேன், சொல்லிட்டேன்."

"கழத்த வேண்டாம் அத்தை. ஒரு மஞ்சக் கயிறு வாங்கி, மேல கட்டிக்கிடலாம். படத்துக்குத்தான்."

"படத்துக்குன்னா சரி" என்றாள் மாமியார். படத்துக்கு என்றால் அவளுக்கு எதுவும் சரிதான்.

பதினாறாம் தேதி, செவ்வாய்க்கிழமை, மாலை மூன்றே முக்கால் மணிக்குப் பேருந்து நிலையத்துக்கு எதிரே உள்ள ஸ்டுடியோவில், பாஸ்போர்ட் படத்துக்கு வந்த இரண்டு பேர் காத்திருக்க, ஆவுடையப்பன் உலகம்மாளின் கழுத்தில் மூன்று முடிச்சும் தானே போட்டான். பின்னால் திரையில் பனிமலை இருந்தது. "ரெண்டு பேரும் என்னையப் பாருங்க, கை தெரியட்டும், அசையாதீங்க" என்றார் ஸ்டுடியோக்காரர். இருவரும் அவரையே பார்த்தார்கள். படம் கண்ணாடிபோல் விழுந்தது. கை தெரிந்தது, கழுத்து தெரிந்தது, இரண்டு முகமும் தெரிந்தன. மூலையில் தேதியும் நேரமும் சிவப்பில் அச்சாகியிருந்தன.

மறுநாள் குலசேகரன் அதைப் பார்த்தார், மூலையில் இருந்த தேதியைப் பார்த்தார். பிறகு கதவைச் சாத்தச் சொன்னார்.

"தம்பி, இது தெரிஞ்சு செஞ்சீங்களா, தெரியாம செஞ்சீங்களா?"

"என்ன சார்?"

"ஒண்ணாம் தேதி இந்தப் பொண்ணுக்குப் பேச்சியம்மாள் தாலி கட்டியிருக்காங்க. பதினாறாம் தேதி நீங்க கட்டியிருக்கீங்க. முதல் கல்யாணம் இருக்கும்போது இன்னொரு கல்யாணம். இது குற்றம். அதுக்கு ஆதாரத்தை நீங்களே பிரேம் போட்டுக் கொண்டு வந்திருக்கீங்க."

"முதல் கல்யாணத்த ரத்து பண்ண முடியாதா சார்?" என்று ஆவுடையப்பன் தன்னை அறியாமலே கேட்டுவிட்டான். தன் கல்யாணத்தைத் தானே ரத்து பண்ணக் கேட்கிறோம் என்பது தெருவுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

"ரத்து பண்ணணும்னா முதல்ல பதிஞ்சிருக்கணும். பதியணும்னா மணமகன் வேணும். பேச்சியம்மாளை மணமகன்னு பதிய இந்த அலுவலகத்துல படிவம் இல்லை." இவ்வளவு சிக்கலிலும் குலசேகரன் கைவிடவில்லை. "ஒண்ணு செய்யுங்க. ஒண்ணாம் தேதி முதல் முடிச்சை நீங்க போட்டதைக் கண்ணால பாத்த மூணு பேரைக் கூட்டிட்டு வாங்க. படத்தை விட்டுடலாம். நான் மனுசங்களை நம்பறவன்."

அறுநூறு பேரில் மூன்று பேர். ஆவுடையப்பன் சிரித்துக்கொண்டே வெளியே வந்தான்.

முதலில் தாய்மாமாவைக் கேட்டான். "பாத்தேனே. செல்போன்ல பாத்தேன். எடுத்தேன்லா வீடியோ" என்று அவர் போட்டுக் காட்டினார். அதில் முன்னால் நின்றவரின் செல்போன் தெரிந்தது. அந்தச் செல்போனில் அதற்கு முன்னால் நின்றவரின் செல்போன் தெரிந்தது. சின்ன மாமனாரைக் கேட்டான். அவரை அந்த நேரத்தில் மேற்கே பார்த்து ஈரக் கண்ணோடு நிற்கச் சொல்லியிருந்தான் நிகிலன். நாதஸ்வரக்காரர் ஐயரின் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார், அது அசைந்தால்தான் கெட்டிமேளம். ஐயரைக் கேட்டான்.

"நான் மந்திரத்தைப் பாத்துண்டிருந்தேன்" என்றார் ஐயர்.

"மந்திரம் மனப்பாடமில்லையா சாமி?"

"மனப்பாடம்தான். அந்தப் பையன்தான் புஸ்தகத்தைப் பாருங்கோ, அழகா இருக்குன்னான்."

மண்டபத்தில் பாதிப் பேர் முதல் பந்தியில் இருந்தார்கள். மீதிப் பேர் முதல் பந்தி எப்போது எழும் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு நாள் அலைந்து, பத்தொன்பதாம் தேதி சாயங்காலம் ஆவுடையப்பன் மனைவியிடமே கேட்டான்.

"நீ பாத்தியா?"

"நான் குனிஞ்சுலா இருந்தேன். தலையக் குனின்னு உங்க சென்னைக்காரர்தான சொன்னாரு" என்றாள் உலகம்மாள். "நீங்க கட்டினீங்கல்லா? அப்ப உங்களுக்கே தெரியும்ல?"

அவன் யோசித்தான். அவளுடைய கண் ஞாபகம் வந்தது, இமை ஞாபகம் வந்தது. கயிறு ஞாபகம் வரவில்லை. அதை அவளிடம் சொல்ல அவனுக்குத் தைரியம் வரவில்லை.

இருபத்திரண்டாம் தேதி திங்கட்கிழமை. விமானத்துக்கும் அதற்கும் இடையில் ஒரே ஒரு நாள். சாட்சி ஒருவரும் கிடைக்காமல் மணமக்களும் மாமியாரும் பேச்சியம்மாளும் அலுவலகத்துக்குப் போனார்கள். பேச்சியம்மாள் சத்துணவுக் கூடத்தில் சமையல் பார்ப்பவள். அரசாங்கத்துக்கு அவள் பயப்படுவதில்லை, ஏனென்றால் அவளும் அரசாங்கம். அந்த வாரம் முழுக்க அவளைப் பற்றித்தான் பேச்சு, ஆனால் அவளிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"இவங்கதான் சம்பந்தப்பட்ட நபரா?" என்றார் குலசேகரன்.

"நானேதான் சார். என்னமோ முடிச்சு யாரு போட்டா, யாரு பாத்தான்னு ஊரெல்லாம் கேக்கீங்களாமே. பக்கத்துல நின்னவ நான். என்கிட்ட கேட்டீங்களா?"

"நீங்க சம்பந்தப்பட்டவங்க. சாட்சி சொல்ல முடியாது."

"சாட்சி வேண்டாம், சேதியா கேட்டுக்கிடுங்க. இவன் முடிச்சே போடல."

ஆவுடையப்பன், "அக்கா" என்றான்.

"சும்மா இருல. பொண்டாட்டி கண்ணப் பாத்துக்கிட்டே கயித்தக் கைய விட்டுட்டான் சார். தாலி மடியில விழப் பாத்துச்சு. நான் ஏந்திப் பிடிச்சு மூணையும் போட்டேன். சம்பந்தக்காரங்க முன்னால தம்பி மானம் போகக் கூடாதுன்னு வாயத் திறக்கல."

மாமியார் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். ஆவுடையப்பனுக்குக் காது சூடாகியது. மடையன் மாதிரி நின்றான். உலகம்மாள் மட்டும் அவனைப் பார்த்து, யாருக்கும் தெரியாமல் சிரித்தாள். அன்று அவன் தன் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தான் என்பது அவளுக்கு இப்போதுதான் தெரிந்தது.

குலசேகரன் முகத்தில் முப்பது வருஷ சேவையின் ஒளி வந்தது. "பாத்தீங்களா? அலுவலகம் சொன்னது சரியாப் போச்சா இல்லையா? படம் பொய் சொல்லாது." பேனாவைத் திறந்தார். இனி எல்லாம் சுலபமாகிவிட்டது. ஒன்றாம் தேதி நடந்ததில் மணமகனே இல்லை. மணமகன் இல்லாததால் அது திருமணம் இல்லை. அது திருமணம் இல்லாததால் பதினாறாம் தேதியது இரண்டாவது இல்லை, முதலாவது. மாப்பிள்ளை கையாலேயே மூன்று முடிச்சு, தேதி, நேரம், பனிமலை எல்லாம் சுத்தம். இதைவிட ஒழுங்கான திருமணம் தம்முடைய அலுவலகத்துக்கு வந்ததே இல்லை என்றார்.

"பதினாறாந்தேதி செவ்வாக்கிழமைலா" என்றாள் மாமியார். "மூணே முக்கா மணி ராகு காலம்."

"அதுக்குப் படிவத்துல கட்டம் இல்லைம்மா."

"அப்ப ஒண்ணுலேர்ந்து பதினாறு வரைக்கும் எம்மவ அந்த வீட்டுல இருந்தாளே, அது எந்தக் கணக்கு?"

"அதுக்குப் பதிவேடு இல்லை" என்றார் குலசேகரன் மரியாதையாக.

சான்றிதழ் அச்சாகி வந்தது. ஆவுடையப்பன் கையெழுத்துப் போட்டான். உலகம்மாள் பதிவேட்டின் மேல் குனிந்தாள். ஸ்டுடியோக்காரரைப் பார்த்துக்கொண்டே அவன் போட்ட மூன்று முடிச்சும் அதுவரை எப்படி நின்றதோ தெரியவில்லை. மஞ்சள் கயிறு நழுவி, அவள் பெயர் எழுத வேண்டிய கட்டத்தின் மேலேயே விழுந்தது.



"நிமிராதட்டி" என்றாள் பேச்சியம்மாள். கயிற்றை எடுத்தாள், கண்ணில் ஒற்றினாள், சார்பதிவாளரின் மூக்குக்கு முன்னால் உலகம்மாளின் கழுத்தில் வைத்து நிதானமாக மூன்று முடிச்சுப் போட்டாள். மூன்றையும் இழுத்துப் பார்த்தாள். அவள் வேலை எப்போதும் உறுதியாக இருக்கும்.

குலசேகரன் கயிற்றைப் பார்த்தார். சான்றிதழைப் பார்த்தார். ஆவுடையப்பனின் விமானச் சீட்டு மேசை ஓரத்தில் இருந்தது, அதையும் பார்த்தார். அப்புறம் அறையில் உள்ளவர்களின் கைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"யாராவது போட்டோ எடுத்தீங்களா?"

"இல்ல சார்."

"அப்ப நடக்கலை" என்று முத்திரையை எடுத்துக் குத்தினார்.