விபூதிப் புதன் போட்டோ

டோரதி டீச்சருடைய அப்பாவின் முகம் கண்ணாடியோடு வந்துவிட்டது. தலைப்பாகை, கோட்டு, கையில் பிடித்திருந்த தடி எல்லாம் அட்டையில் பத்திரமாக இருந்தன. முகம் மட்டும் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு, மீசையோடு இன்னாசிராஜைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"செசிலி," என்று அடுப்படிப் பக்கம் பார்த்துக் கூப்பிட்டார். பாதிக் குரல்தான் வந்தது.

அவர் மனைவி செசிலி கரண்டியோடு வந்து எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க பண்ணி வெச்சிருக்கீங்க?"

"ஒண்ணும் பண்ணல. ஸ்கேன் பண்ணலாம்னு சட்டத்துல இருந்து பிரிச்சேன். அவ்வளவுதான்."

"டீச்சர்கிட்ட இருந்தது இந்த ஒரு படம்தானேங்க?"

"அதை நீ வேற ஞாபகப்படுத்தணுமா?"

இன்னாசிராஜ் இன்சூரன்ஸ் ஏஜெண்ட். வேண்டாம் என்று சொன்ன வீட்டுக்கு மறுபடியும் போவதுதான் அவர் தொழில். அதே சுறுசுறுப்போடு இந்த வருடம் அவர் தெரு வரலாற்றில் இறங்கியிருந்தார். திருச்சி பாலக்கரையில் அவர் பிறந்து வளர்ந்த சுருட்டுக் கிடங்குத் தெருவில் ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு சுருட்டுச் சுற்றினார்கள். கிறிஸ்தவர், முஸ்லிம், இந்து என்று எல்லாரும் ஒரே புகையிலையில்தான் தும்மினார்கள். அவர்களைப் பற்றி எந்தப் புத்தகத்திலும் ஒரு வரி இல்லை. தெருச் சங்கக் கட்டடத்தின் மாடி அறை சும்மா கிடந்தது. அதில் வீட்டுக்கு ஒரு மூதாதையர் படம், படத்துக்குக் கீழே பெயர், நாலு வரி வாழ்க்கை என்று ஒரு வரலாற்று அறை அமைப்பது அவர் திட்டம்.

முதலில் யாரும் அசையவில்லை. "எங்க வீட்டுல போட்டோவெல்லாம் ஏதுப்பா" என்றார்கள். "தேடிப் பாக்கறோம்" என்றார்கள். சிலர் அவரைக் கண்டதும் சந்துக்குள் திரும்பினார்கள். இன்னாசிராஜ் விடவில்லை. படம் தராத வீடுகளின் பெயரைத் தெரு வாட்ஸப் குழுவில் போட்டார். அதற்கும் மசியாதபோது, அந்த வீட்டுப் பெயர்களை எழுதி, வெறும் சட்டங்களை வரிசையாகச் சுவரில் மாட்டிவிட்டார். "வரலாறு இல்லாத வீடுன்னு நான் சொல்லல. சுவர் சொல்லுது" என்று குழுவில் ஒரு செய்தியும் அனுப்பினார்.

அப்புறம் படங்கள் வரத் தொடங்கின. பத்து நாளில் சட்டமெல்லாம் நிறைந்துவிட்டது. எல்லாரும் கோட்டும் தலைப்பாகையுமாக எவ்வளவு கம்பீரம். சுருட்டுச் சுற்றியவர்களுக்கு ஏது கோட்டு என்று செசிலி ஒரு தடவை கேட்டாள். ஸ்டுடியோக்காரன் இரவல் கொடுப்பான் என்று இன்னாசிராஜ் விளக்கினார். அவருடைய தாத்தா மட்டும்தான் வாக்காளர் அட்டையிலிருந்து பெரிதாக்கப்பட்டு, பிக்பாக்கெட் அடித்துப் பிடிபட்டவர் போல ஓரத்தில் தொங்கினார்.

கடைசியாகப் படம் கொடுத்தவர் டோரதி டீச்சர். இந்தத் தெருவில் பாதிப் பேருக்கு மூன்றாம் வகுப்பில் வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்தவர். இன்னாசிராஜுக்கும்தான். பத்து வயதில் அப்பாவை இழந்தவர். "பத்திரம் இன்னாசி" என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லித்தான் கொடுத்தார். அந்த வார்த்தை இப்போது அவர் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது.

யூடியூபில் ஒருவன் கண்ணாடியை வெந்நீரில் ஊற வைத்தால் படம் தானாகக் கழன்று வரும் என்றான். கழன்று வரத்தான் செய்தது. வந்து, தட்டு நீரில் மீசை ஒரு பக்கமும் மூக்கு ஒரு பக்கமுமாக மிதந்து, கொஞ்ச நேரத்தில் கலங்கல் தண்ணீராகிவிட்டது.

"போன்ல ஒரு படம் எடுத்தீங்களே, வாங்கினப்ப?" என்றாள் செசிலி.

எடுத்திருந்தார். கண்ணாடியில் ஃப்ளாஷ் பட்டு, முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளை வட்டம்தான் இருந்தது. பழைய படங்களைச் சரிசெய்யும் ஆப் ஒன்றில் அதை ஏற்றினார். அது மகிழ்ச்சியாக ஒரு முகம் வரைந்து கொடுத்தது. பல் தெரியச் சிரிக்கும், பளபளவென்ற கன்னம் உள்ள, ஷாம்பூ விளம்பரத்து வடநாட்டு இளைஞன்.

"இது அவங்க அப்பா இல்லீங்க," என்றாள் செசிலி.

"எனக்குத் தெரியாதா?"

"டீச்சர்கிட்ட போய் உண்மையைச் சொல்லிடுங்க."

சொல்லியிருக்கலாம். அன்றைக்குச் சொல்லியிருந்தால் ஒரு அழுகையோடு போயிருக்கும். ஆனால், தெருவையே வெட்கப்பட வைத்துப் படம் வாங்கியவர், அந்தப் படத்தைத் தானே கரைத்துக் குடித்துவிட்டேன் என்று எப்படிப் போய்ச் சொல்வது? இன்னாசிராஜ் சட்டையை மாட்டிக்கொண்டு ஜெகபர் அலியின் கடைக்குப் போனார்.

ஜெகபர் அலி பழைய சாமான் வியாபாரி. ஸ்ரீரங்கத்திலும் தஞ்சாவூர்ப் பக்கத்திலும் வீடு இடிக்கும் இடங்களில் கதவு, ஜன்னல், பரண் சாமான் என்று வாங்கி வந்து, சினிமாக்காரர்களுக்கும் ஹோட்டல்காரர்களுக்கும் விற்பவர்.

"பழைய போட்டோ வேணும் பாய். ஆம்பளை. மீசை, தலைப்பாகை, கோட்டு. கையில தடி இருந்தா நல்லது. நண்பர் ஒருத்தர் காபிக் கடை திறக்கறாரு, சுவத்துல மாட்டறதுக்கு."

"காபிக் கடைக்கா," என்று ஜெகபர் அலி தாடியைத் தடவினார். "கொஞ்ச நாளா போட்டோவுக்கு நல்ல கிராக்கி சார். மீசை வெச்சதெல்லாம் தீந்து போச்சு. ஒண்ணே ஒண்ணு இருக்கு, பாருங்க."

கடையின் இருட்டில் பார்த்தபோது அளவெடுத்துச் செய்தது போல் இருந்தது. மீசை, தலைப்பாகை, கோட்டு எல்லாம் இருந்தன. தடிக்குப் பதில் குடை. பரவாயில்லை என்று வாங்கிக்கொண்டு வந்து டீச்சரின் சட்டத்தில் பொருத்தி, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தபோதுதான் செசிலி சொன்னாள்.

"நெத்தியில என்னங்க?"

தலைப்பாகைக்குக் கீழே, புருவ மத்தியில், வெள்ளையாக ஒரு கோடு மேலேறிப் பிரிந்தது. நாமம். ஸ்ரீரங்கத்துப் பரணிலிருந்து வந்தவர் நாமத்தோடுதான் வந்திருந்தார். இன்னாசிராஜ் பிரஷ்ஷால் டீத்தண்ணியைத் தொட்டு அதன்மேல் தடவினார். நாமம் கொஞ்சம் மங்கியது. சுற்றி இருந்த நெற்றி அதைவிட அதிகமாக மங்கியதில் நாமம் முன்னைவிட எடுப்பாகத் தெரிந்தது.

வேறு வழியில்லாமல் அப்படியே மாட்டினார். மறுநாள் டோரதி டீச்சர் பார்க்க வந்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படத்தின் முன்னால் நின்றார். நின்றார், நின்றுகொண்டே இருந்தார். அவர் முகத்தில் ரத்தம் இல்லை. பிறகு சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, மெல்லிய குரலில், "அப்பாதான்" என்றார். கண் கலங்கியது.

இன்னாசிராஜுக்குத் தன் செருப்பைக் கழற்றித் தன்னையே அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. ஒரு வயதான பெண்மணியை யாரோ ஒருவர் படத்தைப் பார்த்து அழ வைத்துவிட்டோம். இதைவிடக் கேவலம் என்ன இருக்கிறது?

அப்போதுதான் சங்கத் தலைவர் அருள்நாதன் படியேறி வந்தார். தலைவருக்கு எல்லாமே ஞாபகம் இருக்கும், நடக்காததும் சேர்த்து.

"அடடே, இவரா. இவர் மடியில நான் உக்காந்திருக்கேன் டீச்சர். இந்த மீசையப் பிடிச்சு இழுத்திருக்கேன்," என்றவர், கிட்டப் போய்க் குனிந்தார். "நெத்தியில என்ன இது, இன்னாசி?"

டீச்சர் இன்னாசிராஜைப் பார்த்தார். இன்னாசிராஜ் கூரையைப் பார்த்தார்.

"விபூதிப் புதன், தலைவரே," என்றார். எங்கிருந்து வந்ததோ அந்த வார்த்தை. "கோயில்ல சாமியார் சாம்பல் பூசி விடுவாருல்ல. பூசைய முடிச்சுட்டு நேரா ஸ்டுடியோவுக்குப் போயிருக்காரு."

"சாம்பல்னா கறுப்பா இருக்குமே?"

"போட்டோவுல வெள்ளையாத்தான் விழும். பழைய ஃபிலிமு."

"ஆமா," என்றார் டோரதி டீச்சர் அவசரமாக. "அப்பாவுக்கு விபூதிப் புதன்னா உயிரு."

இந்த வெகுளித்தனம் இன்னாசிராஜை இன்னும் நொறுக்கியது. தலைவரோ உருகிப்போனார்.

"இப்படி ஒரு பக்திமான் நம்ம தெருவுல இருந்திருக்காரு. இவரையே பேனர்ல போட்டுடுவோம். தெரு முக்குல, ஆள் உயரத்துக்கு."

"வேண்டாம் தலைவரே," என்று இன்னாசிராஜும் டீச்சரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

"இந்த அடக்கம்தான் நம்ம தெருவோட குணம்," என்று சொல்லிவிட்டு அருள்நாதன் ஃப்ளெக்ஸ் கடைக்குப் போனார்.

திறப்பு விழாவுக்கு முதல் நாள் பேனர் வந்தது. ஆள் உயரம் என்று சொன்னாரே, முகமே ஆள் உயரத்துக்கு இருந்தது. நாமம் மட்டும் முழ நீளம். மாரீஸ் தியேட்டர் பக்கமிருந்து வந்த ஆட்டோக்காரர் ஒருவர் அதைப் பார்த்து, பெருமாள் புறப்பாடு எத்தனை மணிக்கு என்று விசாரித்துவிட்டுப் போனார். இன்னாசிராஜுக்குக் காலிலிருந்து தலை வரை கூசியது. இனிமேல் தாங்காது என்று நேராக டோரதி டீச்சர் வீட்டுக்குப் போனார்.

"டீச்சர், அந்தப் படத்தைப் பத்தி ஒரு விஷயம் சொல்லணும்."

டீச்சர் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தார்.

"வேண்டாம் இன்னாசி."

"இல்ல டீச்சர், எனக்கு மனசு கேக்கல."

"மாட்டியாச்சுல்ல. விட்டுடு. அந்தப் படத்தைப் பத்தி என்கிட்ட எதுவும் கேக்காத, எதுவும் சொல்லாத. இந்த வயசுல என்னால அந்த அவமானத்தை..." என்று சொல்ல வந்தவர் நிறுத்திக்கொண்டார். "அந்த வேதனையத் தாங்க முடியாதுடா. போ."

அப்பாவின் நினைவு அவரை இந்தப் பாடு படுத்துகிறது. இவரிடம் போய் எப்படிச் சொல்வது? இன்னாசிராஜ் தலையைக் குனிந்துகொண்டு வெளியே வந்தார்.

திறப்பு விழா அன்று ஒரு புது இடி இறங்கியது. டீச்சரின் அண்ணன் முசிறியிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தார். டீச்சரைவிடப் பெரியவர். அப்பாவின் முகம் நன்றாகத் தெரிந்தவர். அவர் பேனருக்குக் கீழே நின்று, கையைப் புருவத்துக்கு மேல் வைத்து வெகுநேரம் பார்த்தார். இன்னாசிராஜ் பக்கத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"யாரு டோரதி இது?" என்றார் அண்ணன்.

"அப்பாண்ணே."

"அப்பா கோட்டுப் போட்டாரா?"

"ஸ்டுடியோ கோட்டு."

"நெத்தியில?"

"விபூதிப் புதன்."

"அப்பாதான் கோயில் பக்கமே..." என்று அண்ணன் தொடங்கினார். டீச்சர் அவர் கையைப் பிடித்து அழுத்தினார். அண்ணன் தங்கையின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "ஆமா. அப்பாதான். எனக்குக் கண்ணுதான் சரியில்ல," என்று சொல்லிவிட்டு உள்ளே போய் ஒரு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

கண் தெரியாத கிழவரையும் ஏமாற்றியாகிவிட்டது. இன்னாசிராஜ் மனசுக்குள் தன்னைத் திட்டிக்கொள்ள வார்த்தை தேடினார். எல்லா வார்த்தையும் ஏற்கெனவே செலவாகியிருந்தது.

விழாவைத் தொடங்கி வைக்கக் கல்லூரி வரலாற்றுத் துறையிலிருந்து ஒரு பேராசிரியை வந்திருந்தார். சுவர் முழுவதையும் ஒவ்வொரு படமாகப் பார்த்துவிட்டு மைக் பிடித்தார்.

"எத்தனையோ ஊர்ல இந்த மாதிரி சேகரிப்பு பார்த்திருக்கேன். சாதாரண உழைக்கிற மக்கள் வீட்டுல பழைய படமே இருக்காது. போட்டோ எடுக்க வசதி இருந்திருக்காது. அதுல வெக்கப்பட ஒண்ணும் இல்ல. ஆனா இந்தத் தெருவுல ஒரு வீடு விடாம, அதுவும் இவ்வளவு நல்ல நிலையில, எல்லாருமே பாதுகாத்து வெச்சிருக்கீங்க. எனக்கு ஆச்சரியமா இருக்கு."

கைதட்டல் என்னவோ பலமாக எழவில்லை. எல்லாரும் தரையைப் பார்த்துக்கொண்டு தட்டினார்கள். தெருக்காரர்களுக்கு எவ்வளவு அடக்கம் என்று இன்னாசிராஜ் நினைத்தார். இத்தனை நல்லவர்கள் நடுவில் தான் ஒருவன் மட்டும் இப்படி ஆகிவிட்டோமே என்று நொந்துகொண்டார். "இன்னாசிராஜ் அவர்களுக்குப் பொன்னாடை" என்று தலைவர் அறிவித்தார். அதை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டபோது சால்வை முள்ளாகக் குத்தியது.

போர்த்திய சால்வையோடு நிமிர்ந்தவர், வாசலில் ஜெகபர் அலி செருப்பைக் கழற்றிக்கொண்டிருப்பதைப் பார்த்தார்.

பாய் நேராக டோரதி டீச்சரின் அப்பா முன்னால் போய் நிற்பார். "இது நம்ம ஸ்ரீரங்கத்துச் சரக்காச்சே" என்பார். டீச்சர் கேட்பார். அண்ணன் கேட்பார். பேராசிரியை கேட்பார். இன்னாசிராஜ் நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு ஓடிப்போய் அவர் கையைப் பிடித்து, மாடிப்படி மறைவுக்கு இழுத்துப் போனார்.

"பாய், உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன். அந்தப் போட்டோ உங்க கடையில வாங்கினதுன்னு யாருக்கும் சொல்லிடாதீங்க. டீச்சரோட அப்பா முகத்தை நான் அழிச்சிட்டேன். அதை மறைக்கத்தான் காபிக் கடைன்னு உங்ககிட்ட பொய் சொன்னேன். தெருவுல இருக்கற அத்தனை பேரும் அவங்கவங்க தாத்தன் முப்பாட்டனை நம்பி என் கையில குடுத்திருக்காங்க. நான் மட்டும்தான் பாய் இப்படி ஒரு கேவலத்தைப் பண்ணினேன். சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க."

ஜெகபர் அலி அவர் தோளுக்கு மேலாக அறைக்குள் எட்டிப் பார்த்தார். ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை, கோட்டும் தலைப்பாகையுமாகத் தொங்கிய அத்தனை பேரையும் நிதானமாகப் பார்த்து முடித்தார். பிறகு இன்னாசிராஜின் கையைத் தட்டிக் கொடுத்தார்.

"கவலைப்படாதீங்க சார், சொல்ல மாட்டேன். இந்தத் தெருவுல எல்லா வீட்டுக்காரங்களும் இதே சத்தியத்தை என்கிட்ட வாங்கிட்டுப் போயிட்டாங்க. நீங்க ஒருத்தர்தான் பாக்கி இருந்தீங்க."